அவனுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்

வெள்ளியைக் கொடுத்து வெள்ளியை வாங்கினால் இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டும், அதுவும் உட்கார்ந்த இடத்திலேயே கை மாறிவிட வேண்டும் என்பது எங்கள் மார்க்கத்தில் கண்டிப்பான சட்டம். உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு என்று ஆறு பொருள்களை அது பெயர் சொல்லி அடுக்குகிறது. ஒரே இனத்துக்குள் மாற்றும்போது ஒரு பக்கம் குன்றிமணி கூடினாலும் அந்தக் கூடுதல் வட்டிக் கணக்கில் போய்விடும். இனம் வேறானால், வெள்ளிக்குத் தங்கம் என்பது போல, எவ்வளவுக்கு எவ்வளவு என்பது இருவர் இஷ்டம். கையோடு கை மாறினால் போதும்.

மதரஸாவில் ஓதிய வயதில் இது எனக்குப் புதிராகவே இருந்தது. வெள்ளியைக் கொடுத்து அதே எடை வெள்ளியை வாங்க எவன் மெனக்கெடுவான்? நாணயம் சேர்க்கிற கிறுக்கன் மெனக்கெடுவான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

காயல்பட்டினத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து நோட்டுப் புத்தகம் விற்கிற சின்னக் கடை என்னுடையது. அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே வியாபாரம் மந்தம். அந்த நேரத்தில் கண்ணாடி மேஜையின் மேல் ஒரு துணியை விரித்துவிட்டால் எங்கள் கூட்டம் கூடிவிடும். எங்கள் ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் போனவர்கள். பிறகு ஜித்தா, துபாய் என்று ஆனது. ஊர் திரும்பும்போது நோட்டை மாற்றிக்கொள்ளலாம், சில்லறையை மட்டும் எந்த மணி சேஞ்சரும் தொட மாட்டான். அதனால் வீட்டுக்கு வீடு பீரோவில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. ஹாங்காங்கின் பூவிளிம்பு 2 டாலர், சிலோன் காலத்துச் சதுர 5 சதம், காப்பிக் கூஜா போட்ட அமீரகத்து திர்ஹம், பாய்மரக் கப்பல் போட்ட குவைத் ஃபில்ஸ் எல்லாம் அந்த டின்களில் கிடக்கும். எங்கள் மாற்று வியாபாரத்துக்கு அவைதான் மூலதனம்.

நிரந்தர உறுப்பினர்கள் என்று பார்த்தால் நாங்கள் மூவர். ஆறுமுகநேரி உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர். வீரபாண்டியன்பட்டினத்து வாத்தியார் ஒருவர். பாதிரியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர், அவரை 'சார்' என்றே கூப்பிடுகிறோம். மூன்றாவது ஆள் நான். ஆறு பொருள் பட்டியலை ஒருநாள் சொன்னேன். அதில் உப்பு இருந்தது அண்ணாச்சிக்குத் தாங்க முடியாத பெருமை. "தங்கத்தோட சரிசமமா உக்கார வச்சிருக்காரு பாரும்" என்றார்.

பள்ளிக்கூடப் பையன்களும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களோடு நான் மாற்று வைத்துக்கொள்வதில்லை. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் பருவம் அடையாதவன் செய்கிற வியாபாரம் செல்லாது. ஹனஃபிகள் கொஞ்சம் இளக்கம் காட்டுவார்கள், பெரியவர் சம்மதித்தால் சரி என்பார்கள். எனக்கு இந்த விஷயத்தில் எங்கள் கண்டிப்பே பிடிக்கிறது. பையன் ஆசைப்பட்டுக் கேட்டால் ஒன்றை ஹதியாவாகக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

வெள்ளிச் சட்டம் எங்கள் மேஜைக்கு நிஜமாகவே வந்தது, ஜித்தாவில் இருந்து விடுமுறைக்கு வந்த ஒரு காக்காவால். அவர் கையில் ஹிஜ்ரி 1354ஆம் ஆண்டு வெள்ளி ரியால் ஒன்று. மன்னர் அப்துல் அஜீஸ் பெயரும், குறுக்கு வாள்களும், பேரீச்ச மரமும் பொறித்தது. அதற்கு ஈடாக என்னிடம் இருந்த 1918ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் அவருக்கு வேண்டும். அப்போதுதான் ஒரு வேடிக்கை புரிந்தது. சவூதியின் பழைய ரியால் பெரிய நாணயம். 1935இல் அதைச் சிறிதாக்கியபோது இந்திய வெள்ளி ரூபாயின் எடைக்கும் தரத்துக்குமே கொண்டுவந்தார்கள். ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம்; ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. ரியாலும் ஏறக்குறைய அச்சு அசல் அதே. எடைக்கு எடை, தரத்துக்குத் தரம்! ஹதீஸுக்கென்றே வார்த்தது போன்ற ஜோடி என்று காக்கா குதித்தார்.

தெருக்கோடிப் பத்தர் கடைக்குப் போனோம். எலக்ட்ரானிக் தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து ரூபாயை வைத்தார் பத்தர்: 11.57. அதை எடுத்துவிட்டு ரியாலை வைத்தார்: 11.54. ரூபாயில் ராஜாவின் காதோரம் தேய்ந்து வழவழப்பாகி இருந்தது. ரியாலில் வாளின் நுனி மழுங்கி இருந்தது. எத்தனை மடிகளில், எத்தனை கல்லாப் பெட்டிகளில் உரசியதோ! "முப்பது மில்லிக்கா பாய் இவ்வளவு யோசனை?" என்று பத்தர் சிரித்தார். மார்க்கம் கற்ற ஹஜ்ரத்திடம் கேட்டோம். முப்பது மில்லியும் கூடாது என்றார்.

அதோடு பிலால் (ரலி) அவர்களின் பேரீச்சம்பழக் கதையையும் சொன்னார். நபிகள் நாயகத்திடம் (ஸல்) பிலால் உயர்ந்த பர்னி ரகப் பழம் கொண்டுவந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். தம்மிடம் இருந்த மட்டமான பழத்தில் இரண்டு படி கொடுத்து இதில் ஒரு படி வாங்கினேன் என்றார் பிலால். அது வட்டியேதான் என்று நபிகளார் வருந்திச் சொல்லி, வழியையும் காட்டினார்கள்: மட்டமானதை வேறொன்றுக்கு விற்றுவிடு, அந்தக் காசைக் கொண்டு நல்லதை வாங்கிக்கொள்.

அப்படியே செய்தோம். காக்கா தம் ரியாலுக்கு விலை சொன்னார். நான் நோட்டை எண்ணிக் கொடுத்து ரியாலை வாங்கினேன். பிறகு நான் என் ரூபாய்க்கு விலை சொன்னேன். அவர் நோட்டைக் கொடுத்து அதை வாங்கினார். அந்த ரூபாய் நூறு வயது தாண்டியது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள், நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது. உம்மாவின் பீரோவில் வைத்துவிட்டு ஜித்தாவுக்குப் போனார். அது கிடக்கட்டும். விலை சொல்லும்போது என்ன நடந்தது என்பதுதான் விஷயம். 1918 ரூபாய் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது, வெள்ளி விலைக்கு மேல் பெரிதாகப் போகாது. அந்த ரியாலோ நம் பக்கம் லேசில் கிடைக்காது. எடையில் இரட்டைப் பிள்ளைகளாக இருந்த இரண்டுக்கும் விலையில் அறுநூறு ரூபாய் வித்தியாசம் வந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று நேரே மாற்றியிருந்தால் அந்த அறுநூறு என் பக்கம் சத்தமில்லாமல் வந்திருக்கும். காக்காவுக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு நாணயமும் கடைசியில் அதே இரண்டு கைகளுக்குத்தான் போகின்றன, நடுவே எதற்கு நோட்டுக்கட்டு ஊர்வலம், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கேலியை ரசித்துச் சிரித்தவன்தான். ஆனால் அந்தச் சுற்றுவழியில் விலை என்ற ஒன்று வாயைத் திறந்து பேசியாக வேண்டியிருக்கிறது. நேர் மாற்றில் அது பேசாமல் போய்விடுகிறது. விவரம் தெரிந்தவனும் தெரியாதவனும் எதிரெதிரே உட்காரும் இடத்தில், பேசாத விலை எப்போதும் விவரம் தெரிந்தவன் பக்கமே சாய்கிறது.

சட்டம் இத்தோடு நின்றிருந்தால் எங்களுக்குச் சிக்கல் குறைவு. வேலைப்பாட்டைக்கூட அது கணக்கில் எடுக்க மறுக்கிறது. சிரியாவில் முஆவியா (ரலி) ஒரு கிண்ணத்தை, தங்கமோ வெள்ளியோ, அதன் எடையைவிடக் கூடுதலுக்கு விற்றார். அபூதர்தா (ரலி) தடுத்தார். இதில் ஒன்றும் தவறு தெரியவில்லையே என்றார் முஆவியா. நபியின் சொல்லை நான் சொல்ல, இவர் தம் அபிப்பிராயத்தைச் சொல்கிறாரே என்று கொதித்து, இவர் இருக்கிற மண்ணில் இனி குடியிருப்பதில்லை என்று அபூதர்தா மதீனாவுக்கே வந்துவிட்டார். எடைக்கு எடை மட்டுமே விற்க வேண்டும் என்று கலீஃபா உமர் (ரலி) கடிதம் எழுதினார். இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது இந்தச் செய்தி. பல நூற்றாண்டு கழித்து டமாஸ்கஸின் இப்னுல் கையிம், அனுமதிக்கப்பட்ட நகையின் வேலைப்பாட்டுக்குக் கூலி சேர்க்கலாம் என்று வாதாடினார். "அது அவருடைய கருத்து" என்று ஹஜ்ரத் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நாணயம் சேர்க்கிறவன் பார்வை இதற்கு நேர் தலைகீழ். அவனுக்கு எடை ஒன்றுமே இல்லை, முத்திரைதான் எல்லாம். கீழே ஒரு புள்ளி இருந்தால் பம்பாய் அச்சு, இல்லாவிட்டால் கல்கத்தா. அந்தப் புள்ளிக்காக அடித்துக்கொள்வான். 1911ஆம் ஆண்டு ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று முஸ்லிம்கள் முகம் சுளித்தார்கள். அரசாங்கம் அதை நிறுத்திவிட்டு, 1912 முதல் யானையைத் திருத்தி அடித்தது. எந்தக் கோளாறுக்காக அன்று அதைத் தொட மறுத்தார்களோ அதே கோளாறுக்காக இன்று கூடுதல் விலை கொடுக்கிறார்கள், முஸ்லிம் சேகரிப்பாளர்கள் உட்பட! 1918 ரூபாய்க்கு வேறொரு கதை. உலகப் போரில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி இந்திய நாணயச்சாலைகளுக்கு வந்தது. ஜித்தா காக்காவின் உம்மா வீட்டுப் பீரோவில் இருக்கும் ராஜா தலைக்குள் அமெரிக்கச் சுதந்திர தேவியின் தலை கரைந்து கிடக்கலாம். தராசுக்கு இந்தக் கதை எதுவும் கேட்காது. எங்களுக்கு இந்தக் கதை மட்டும்தான் கேட்கிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு இமாம் கஸ்ஸாலி சொன்ன காரணம்தான் எனக்குத் தெரிந்து மிக அழகானது. இஹ்யாவில், நன்றி செலுத்துதல் பற்றிய பகுதியில் வருகிறது. தீனாரும் திர்ஹமும் கண்ணாடி மாதிரி. கண்ணாடிக்கு என்று ஒரு நிறம் கிடையாது, எல்லா நிறத்தையும் அது காட்டும். காசுக்கென்று ஒரு பயன் கிடையாது, மற்றப் பொருள்களின் மதிப்பைக் காட்டுவதே அதன் வேலை. அவர் இன்னொன்றும் சொல்கிறார்: காசு ஊருக்கு நீதிபதி. அதைப் பூட்டி வைப்பவன் நீதிபதியைச் சிறையில் அடைத்தவன்.

இதைப் படித்த அன்று என் ஆல்பத்தை நான் பார்த்த பார்வையே வேறு. நெகிழியுறையில் வரிசை வரிசையாக அடைபட்டுக் கிடக்கும் நீதிபதிகள்! சாரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரிட்டையர் ஆன ஜட்ஜ் வீட்டில் இருந்தால் அதற்குப் பேர் சிறையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நம் அறுகோண 20 பைசா அலுமினியக் காசும், பூவிளிம்பு 10 பைசாவும், 25 பைசா வரைக்குமான மற்ற எல்லாக் காசுகளும், 2011 ஜூன் 30ஆம் தேதியோடு பணி ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றைக் கொண்டு யாரும் எதையும் அளக்கப் போவதில்லை. அவற்றை நான் ஆல்பத்தில் வைத்தால் ஊர் நியாயம் எதுவும் தடைப்படாது.

நடப்பில் இருக்கும் காசு அப்படி இல்லை. இன்றைய பணம் வெள்ளியும் இல்லை தங்கமும் இல்லை, செம்பு நிக்கலுக்குப் பழைய ஷாஃபிஈ கித்தாபுகளில் வட்டிச் சட்டமே பொருந்தாது என்று வாதிட இடமுண்டு. ஆனால் 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் சபை, இன்றைய பணத்துக்கும் தங்கம், வெள்ளியின் விதிகளே பொருந்தும் என்று தீர்மானித்தது. ஒவ்வொரு நாட்டுப் பணமும் ஒவ்வோர் இனம். விகிதம் எப்படியும் இருக்கலாம், கையோடு கை மாற வேண்டும். தபாலில் மாற்றுகிறவனுக்கு இது இடிக்கிறது. நான் இன்று அனுப்பும் உறை போய்ச் சேர ஒரு வாரம், அவர் அனுப்புவது வந்து சேர இன்னொரு வாரம். அதனால் வெளியூர்க்காரரோடு நான் ஓய்வு பெற்ற காசுகளை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். நடப்புக் காசு வேண்டுமானால் நேரில் சந்திக்கும்போது. அண்ணாச்சிக்கு இது அதீதமாகப் படுகிறது. அவர் சட்டம் வேறு. அவருக்குத் திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் போதும், அதன் கடைசிக் குறளே வியாபாரிக்குத்தான் என்பார்.

அந்த அண்ணாச்சியோடுதான் சண்டை வந்தது.

கல்லூரி முடித்த ஓர் இளைஞர் டின் ஒன்றோடு வந்தார். அவருடைய முப்பாட்டனாருக்குக் கொழும்பில் கடை இருந்ததாம். டின்னைக் கவிழ்த்தால் வழக்கமான சிலோன் சதங்கள். நடுவே கறுத்துப்போன பெரிய வெள்ளி ஒன்று. ஒரு பக்கம் நான்காம் ஜார்ஜ், மறு பக்கம் யானை, 1821. ரிக்ஸ் டாலர்! ரூபாயும் சதமும் இலங்கைக்கு வருவதற்கு முந்திய காலத்துக் காசு. டச்சுக்காரன் விட்டுப்போன பெயரில் ஆங்கிலேயன் அடித்தது. புத்தகத்தில் படமாகப் பார்த்திருக்கிறேன், கையில் தொட்டது அன்றுதான். கறுப்புக்கு அடியில் யானையின் தோல் மடிப்புகூடத் தெரிந்தது.

இளைஞரின் கண் அதில் இல்லை. அண்ணாச்சி பரப்பி வைத்திருந்த ஹாங்காங் 10 டாலர் மேல் இருந்தது: நடுவில் பித்தளை நிறம், சுற்றிலும் வெள்ளி நிறம், பளபளவென்று. அண்ணாச்சி அதைத் தூக்கி வைத்தார், கூட ஒரு பூவிளிம்பு 2 டாலரும் குவைத் கப்பலும். "இந்த யானையைத் தாரும், இது மூணும் எடுத்துக்கும்" என்றார். இளைஞர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கை நீட்டிவிட்டார்.

வட்டிச் சட்டத்துக்கு இங்கே வேலை இல்லை. ஒரு பக்கம் வெள்ளி, மறு பக்கம் செம்பும் நிக்கலும். இனம் வேறு, கையோடு கை மாறுகிறது, இருவரும் பருவம் வந்தவர்கள், சம்மதித்தவர்கள். எந்தக் கித்தாபை எடுத்தாலும் செல்லுபடியாகும் வியாபாரம். நான், "தம்பி, அந்த யானை ஆயிரக்கணக்கில் போகும். திருநெல்வேலியிலோ மதுரையிலோ நாலு பேரிடம் கேட்டுவிட்டு அப்புறம் கொடுங்க" என்றேன்.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாய், அவனுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். நடுவுல உமக்கு என்னவே?"

லேசாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி இல்லை. எங்கள் குர்ஆனே அவர் பக்கம் நிற்பது போல இருக்கிறது: அந்நிஸா அத்தியாயம் வியாபாரத்துக்கு வைக்கும் நிபந்தனை, இருவர் மனமும் பொருந்த வேண்டும் என்பது. அந்த இளைஞர் மனம் பொருந்தவில்லை என்று யார் சொல்ல முடியும்? பளபளப்பு அவருக்குப் பிடித்திருந்தது. கறுத்த யானை பிடிக்கவில்லை. என் விருப்பம் உசத்தி, அவர் விருப்பம் மட்டம் என்று தீர்ப்பளிக்க நான் யார்? சேகரிப்பவர்களின் மாற்றில் இருக்கிற இன்பமே இதுதான்: எனக்கு வேண்டாதது உனக்கு வேண்டும், உனக்கு வேண்டாதது எனக்கு வேண்டும், இருவருமே ஜெயித்து எழுகிறோம். விலை பேசத் தொடங்கினால் இது கடையாகிவிடும் என்று அண்ணாச்சி சொல்வதில் நிறையவே நியாயம் இருக்கிறது.

சாரும் அன்று அவர் பக்கமே சாய்ந்தார். புனித தாமஸ் அக்குவினாஸ் இதே கேள்வியை எடுக்கிறாராம். கோதுமை விலை ஏறிக் கிடக்கும் ஊருக்கு ஒரு வியாபாரி மூட்டையோடு போகிறான்; பின்னாலேயே இன்னும் பலர் மூட்டையோடு வருவது அவனுக்குத் தெரியும். ஊராரிடம் சொல்லியாக வேண்டுமா? நீதி அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை, சொன்னால் அது மேலான நற்பண்பு என்கிறார் அக்குவினாஸ். "அதனால் அண்ணாச்சி பாவம் எதுவும் செய்யவில்லை. நீங்கள் புண்ணியம் செய்ய ஆசைப்பட்டீர்கள், அதுவும் அவர் செலவில்" என்றார் சார். அந்தக் குத்தல் எனக்கு வலித்தது, ரசிக்கவும் முடிந்தது.

ஆனால் கோதுமைக்காரன் கதையில் ஊராருக்கு இன்றைய விலை தெரியும், தெரியாதது நாளைய விலைதான். எங்கள் இளைஞருக்கு இன்றைய விலையே தெரியாது. அதற்கு எங்களிடம் வேறொரு ஹதீஸ் இருக்கிறது. வெளியூர் வணிகக் கூட்டம் சந்தைக்கு வந்து சேருமுன் வழியிலேயே போய் மறித்து வாங்கக் கூடாது. அப்படி வாங்கினால், விற்றவன் சந்தைக்கு வந்து நிலவரம் தெரிந்தபின் வியாபாரத்தை முறித்துக்கொள்ள உரிமை உண்டு. ஒட்டகக்காரனும் வழியில் சந்தோஷமாகத்தான் விற்றிருப்பான். அந்தச் சந்தோஷத்தைச் சட்டம் முழுச் சம்மதமாக ஏற்கவில்லை, சந்தைக்குள் கால் வைத்தபின் மறுபடி அவனையே கேட்கச் சொல்கிறது. அந்த டின்னும் சந்தைக்கு வராத வழியில் நின்ற ஒட்டகம். நான் சொன்னது, சந்தைக்கு ஒரு நடை போய்விட்டு வா என்பது மட்டும்தான்.

இதைவிட என்னை உலுக்குவது யூனுஸ் இப்னு உபைத் கதை. இதுவும் இஹ்யாவில் இருப்பது. பஸராவில் துணி வியாபாரி அவர். சில அங்கிகள் 400 திர்ஹம், சில 200. தொழுகைக்குப் போகும்போது சகோதரர் மகனைக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். கிராமத்து அரபி ஒருவர் வந்து 400 திர்ஹத்தில் அங்கி கேட்டார். பையன் 200 திர்ஹத்து அங்கியைக் காட்டினான். அவருக்குப் பிடித்துப்போய் 400 கொடுத்து வாங்கிக்கொண்டார். வழியில் எதிர்ப்பட்ட யூனுஸுக்குத் தம் கடைத் துணி அடையாளம் தெரிந்தது. விலையைக் கேட்டார், திரும்பி வாரும் என்றார். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்திதான் என்றார் அந்த மனிதர். யூனுஸ் விடவில்லை. கடைக்கு இழுத்துவந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையனைக் கடிந்துகொண்டார். அவர் மனம் ஒப்பித்தானே வாங்கினார் என்றான் பையன். உனக்கு எதை ஒப்புவாயோ அதையே அவருக்கும் ஒப்பியிருக்க வேண்டாமா என்று கேட்டார் யூனுஸ்.

பையன் சொன்னது அண்ணாச்சியின் வாதமேதான், வாங்கியவரே கூட அதைத்தான் சொன்னார். யூனுஸ் அந்தத் திருப்தியைப் பொய் என்று சொல்லவில்லை. அடுத்தவன் திருப்தியை என் நியாயத்துக்குச் சாட்சியாக நிறுத்தாதே என்கிறார். அந்த யானை அண்ணாச்சியின் டின்னில் இருந்து, அதன் விலை அவருக்குத் தெரியாமல், வேறொருவர் மூன்று பளபளப்புக் காசுக்கு வாங்கிப் போயிருந்தால் அண்ணாச்சி ஒப்புவாரா? கேட்டேன். "அது எப்படிவே எனக்குத் தெரியாமப் போவும்?" என்றார். அவரிடம் இதற்கு மேல் பேச முடியவில்லை.

என் பேச்சுக்கு விலை இல்லாமல் இல்லை. இளைஞர் டின்னை மூடிக்கொண்டு எழுந்தார். ஷாஃபிஈ சட்டப்படி இருவரும் அமர்ந்த இடத்தை விட்டுப் பிரியும்வரை வியாபாரத்தை முறிக்கலாம். பிடித்த பொருளை வாங்கினால் இப்னு உமர் (ரலி) உடனே எழுந்து நாலு எட்டு நடந்துவிடுவாராம், விற்றவர் மனம் மாறுமுன். அண்ணாச்சிக்கு அந்த நாலு எட்டு கிடைக்கவில்லை. யானை இப்போது அந்த வீட்டு லாக்கரில் இருப்பதாகக் கேள்வி. இளைஞர் பிறகு மேஜைப் பக்கம் வரவே இல்லை. முப்பாட்டனாரின் காசை வைத்துக் கதை கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய பிள்ளை, அதை வைத்துக் கணக்குப் போடத் தொடங்கியிருக்கிறார். பணி ஓய்வு பெற்ற நீதிபதியை நான்தான் திரும்ப நாற்காலியில் ஏற்றி வைத்தேன் என்று சார் சொல்கிறார். இருக்கலாம். நாளைக்கே இன்னொரு டின் வந்தாலும் இதையேதான் சொல்வேன், அண்ணாச்சி கோபப்படுவார் என்று தெரிந்தே.

கோபம் பெருநாள் வட்டிலப்பத்தோடு தணிந்தது. மறுபடி துணி விரித்த அன்று அண்ணாச்சி புது ஏற்பாட்டோடு வந்தார். ஒவ்வொரு காசையும் அட்டை ஹோல்டருக்குள் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் விலை எழுதி, முகம் மேலே தெரிய அடுக்கியிருந்தார். ஆசைக்கு மாற்றுகிறவன் முகத்தைப் பார்த்து மாற்றட்டும், விலை வேண்டுகிறவன் திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். சார் முதல் ஆளாக இரண்டைத் திருப்பிப் பார்த்து, அண்ணாச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"திருப்பிப் பார்க்கணும்னே தெரியாத ஆள் வந்தா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நீர் இருக்கீரேவே" என்றார்.